சோற்றைக் கழித்த கணக்கு

2024 நவம்பர். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து ஒரு அக்கா காலையில் வந்து இரண்டு மணி நேரத்தில் சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். மாதம் 4,000 ரூபாய். சம்பளத்தை அனுப்புவது நான் என்பதால் அக்கா என்னிடமே பேச்சை எடுத்தார்.

"தம்பி, அடுத்த மாசத்துலருந்து ஒரு ஆயிரம் ரூவா கூட்டிக் குடுங்க. கட்டுப்படியாவல."

"பாப்போம்க்கா" என்றேன்.

மென்பொருள்காரனுக்கு 'பார்ப்போம்' என்றால் டேட்டாவைப் பார்ப்பது. அந்த வாரம்தான் அக்டோபர் மாதப் பணவீக்க எண்கள் வந்திருந்தன. நாளிதழ்களில் எல்லாம் 6.21 சதவீதம் என்ற எண். ஆனால் எனக்குப் பொருளாதாரக் கட்டுரைகள் படிக்கும் பழக்கம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அந்த எண்ணைப் பார்க்க மாட்டார்கள், 'கோர்' எண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று படித்திருந்தேன். அது நாலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. 4,000க்கு 4 சதவீதம் 160. தாராளமாக 200 என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"எல, தக்காளி என்ன வெலைன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அம்மா, தக்காளிய அதுல சேக்க மாட்டாங்க."

"அரிசி, பருப்பு?"

"அதையும்தான். கேஸ் சிலிண்டரும் கெடையாது."

அம்மா கையைத் தட்டிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பொறவு எதத்தான்டா சேப்பாவ?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடியது. பதில் கிடைக்கக் கிடைக்க, நான் செய்தது என்ன என்பதும் தெரிய ஆரம்பித்தது.

*

முதலில் அம்மாவின் கேள்விக்கு நேரடியான பதில்.

இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஒரு கற்பனையான சந்தைக்கூடை. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் அந்தக் கூடையில் 299 சாமான்கள். நாடு முழுக்க 1,181 கிராமங்களிலும் 1,114 நகர்ப்புறச் சந்தைகளிலும் மாதந்தோறும் விலை கேட்டு எழுதினார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எடை உண்டு. மக்கள் தங்கள் செலவில் எவ்வளவு பங்கை அதற்குக் கொடுக்கிறார்கள் என்பதே அந்த எடை. உணவுக்கும் பானங்களுக்கும் 45.86. எரிபொருளுக்கும் விளக்குக்கும் 6.84. இந்த இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சமிருக்கும் 47.30இல் நடக்கும் விலையேற்றம்தான் கோர் பணவீக்கம். தமிழில் மையப் பணவீக்கம் என்று எழுதுகிறார்கள். கூடையில் பாதிக்கு மேல் வெளியே எடுத்து வைத்த பிறகு கிடைக்கிற 'மையம்'.

உள்ளே இருப்பது என்ன? துணிமணி, செருப்பு, நகரத்து வீட்டு வாடகை, ஆஸ்பத்திரி, ஸ்கூல் பீஸ், பஸ் டிக்கெட், போன் கட்டணம், சோப்பு, சீப்பு. சமையல் கேஸ் வெளியே போய்விடும், ஆனால் வண்டிக்குப் போடும் பெட்ரோல் போக்குவரத்துத் தொகுதியில் இருப்பதால் உள்ளேயே தங்கிவிடும். வெற்றிலை, பாக்கு, புகையிலைக்குத் தனித் தொகுதி என்பதால் அவையும் உள்ளே. தங்கமும் உள்ளே. சோறு வெளியே, சோற்றுக்குப் பிறகு போடும் வெற்றிலை உள்ளே என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

ஆனால் இதைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. காரணம் வலுவானது. என் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

சர்வர்களைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு நடுராத்திரி அலர்ட் என்றால் என்னவென்று தெரியும். ஒரு எண் திடீரென்று எகிறும், போன் அலறும், எழுந்து பார்ப்பதற்குள் தானே இறங்கியிருக்கும். ஒவ்வொரு எகிறலுக்கும் எதையாவது மாற்றப் போனால் நன்றாக ஓடுகிற சிஸ்டத்தை நாமே கெடுத்துவிடுவோம். அதனால் சராசரி எடுப்போம், உச்சங்களை வெட்டுவோம், ஐந்து நிமிடம் நீடித்தால் மட்டும் எழுப்பு என்று எழுதி வைப்போம். இரைச்சலை நீக்கினால்தான் செய்தி கேட்கும்.

ரிசர்வ் வங்கிக்கும் இதே சிக்கல். அதன் கையில் இருக்கிற முக்கியமான ஆயுதம் ரெப்போ வட்டி. அதை ஏற்றினால் வீட்டுக்கடன், தொழில்கடன் எல்லாம் மெல்ல மெல்ல இறுகி, பல மாதங்கள் கழித்துத்தான் விலைகளில் தெரியும். தக்காளி நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தொட்டது, மொத்தப் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனது. ரிசர்வ் வங்கி வட்டியைத் தொடவில்லை, 6.5லேயே வைத்திருந்தது. அக்டோபரில் பணவீக்கம் தானாகவே 4.87க்கு இறங்கிவிட்டது. ஜூலையில் பதறி வட்டியை ஏற்றியிருந்தால் தக்காளி ஒன்றும் கூடுதலாக விளைந்திருக்காது. பாவூர்சத்திரத்தில் கடன் வாங்கி லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர்தான் மழை பெய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டியிருப்பார்.

ஆகவே கோர் என்பது ஏமாற்று வேலை இல்லை. 'அடுத்த வருடம் விலைகள் எந்தப் பக்கம் போகும்' என்ற கேள்விக்கு அது ஒரு நாணயமான கருவி. நான் அதை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினேன்.

*

இந்தக் கருவி பிறந்த கதையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1970களில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆர்தர் பர்ன்ஸ். அப்போது அங்கே பணியாற்றிய பொருளியலாளர் ஸ்டீபன் ரோச் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1973 போருக்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. அது போரால் வந்தது, பணக்கொள்கைக்குச் சம்பந்தமில்லை, அதை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்றார் பர்ன்ஸ். அடுத்து உணவு விலை ஏறியது. அது வானிலையால், அதையும் நீக்குங்கள். பிறகு பழைய கார், பொம்மை, பெண்களின் நகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் கிடைத்தது. கடைசியில் கூடையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சமே மிஞ்சியது. அதுவும் ஏறிக்கொண்டிருந்தது.

பர்ன்ஸின் ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். எதற்கும் ஒரு தனிக் காரணம் சொல்லி விலக்கிவிடலாம் என்றால், விலக்குவதற்கு முடிவே இல்லை. தனக்கு வேண்டிய எண் வரும்வரை விலக்கிக்கொண்டே போகலாம்.

எனக்கும் ஒருமுறை இது நடந்திருக்கிறது. தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் ஒரு அலர்ட்டை நான் மௌனமாக்கி வைத்திருந்தேன். சராசரி நன்றாகவே இருந்தது. சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த நேரத்தில் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் பணம் அனுப்பும் கோரிக்கைகள் தோற்றுக்கொண்டே இருந்தன. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லாததால் சராசரி அசையவே இல்லை. நான் இரைச்சல் என்று வெட்டியது அந்த மிச்ச ஒரு ஆளின் முழு அனுபவம்.

இந்திய உணவு விலைகளிலும் இதைப் பார்க்கலாம். தக்காளி மூன்று மாதத்தில் இறங்கியது, சரி. பருப்பு? 2023 ஜூனில் பத்து சதவீதத்தைத் தாண்டிய பருப்புப் பணவீக்கம் 2024 ஆகஸ்ட் வரை பத்துக்குக் கீழே வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீடிப்பதை இரைச்சல் என்று எப்படிச் சொல்வது? எல்லா உணவு விலையும் மழையால் ஏறுவதும் இல்லை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சாச் சமையல் எண்ணெய் இறக்குமதிக்கான அடிப்படை வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. எண்ணெய்வித்து விவசாயிகளைக் காக்க எடுத்த முடிவு அது, அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த விலையேற்றம் ஒரு கையெழுத்தில் வந்தது. கோர் கணக்கில் அதுவும் வானிலையோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

*

இந்த விவாதம் தில்லியிலும் நடந்தது. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, பணவீக்கத்தை 4 சதவீதத்தில், மேலே இரண்டு கீழே இரண்டு என்ற வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கு மொத்தப் பணவீக்கத்துக்கானது, சோறும் சேர்ந்தது. அதற்கு முன் 2014இல் உர்ஜித் படேல் குழு இதைத்தான் பரிந்துரைத்திருந்தது. கூடையில் பாதிக்கு மேல் உணவும் எரிபொருளும் இருக்கும் நாட்டில் அவற்றை விட்டுவிட்டு இலக்கு வைப்பது மக்களிடம் எடுபடாது என்பது அதன் வாதம்.

2024 ஜூலையில் வெளிவந்த பொருளாதார ஆய்வறிக்கை இதைத் திருப்பிக் கேட்டது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி. அனந்த நாகேஸ்வரனின் குழு தயாரித்த அறிக்கை அது. உணவை நீக்கிய பணவீக்கத்தை இலக்காக வைக்கலாமா என்று ஆராய வேண்டும் என்றது. உணவு விலை பெரும்பாலும் விளைச்சலால் ஏறி இறங்குவது, வட்டியால் அதைச் சரிசெய்ய முடியாது. ஏழைகளின் கஷ்டத்துக்கு நேரடிப் பணமாகவோ கூப்பனாகவோ ஈடு கொடுத்துவிடலாம் என்றது. அடுத்த மாதமே ரிசர்வ் வங்கியின் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ், கூடையில் 46 சதவீதம் இருக்கும் உணவைப் புறக்கணிக்க முடியாது என்றார். சாதாரண மனிதர் பணவீக்கத்தைப் புரிந்துகொள்வது மற்ற எதையும்விட உணவு விலையை வைத்துத்தான் என்பது அவர் தரப்பு.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு இந்த விவாதத்தின் கீல் 'ஈடு' என்ற சொல்லில் இருப்பதாகப் படுகிறது. வட்டி என்ற கை தக்காளியைத் தொட முடியாது, இன்னொரு கை ஏழைக்கு ஈடு கொடுக்கும் என்கிறது ஆய்வறிக்கை. அந்த இரண்டாவது கை வேலை செய்தால் முதல் கை ஒதுங்கி நிற்பது நியாயம். வேலை செய்யவில்லை என்றால்? ஈடு கொடுக்க முடியும் என்பதும், ஈடு கொடுத்தார்கள் என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள்.

தமிழ்நாட்டில் அந்த இரண்டாவது கை மற்ற மாநிலங்களைவிட நீளம்தான். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் தக்காளிகூட 60 ரூபாய்க்கு விற்றார்கள். இதெல்லாம் இல்லாவிட்டால் அக்கா கேட்டிருக்கும் தொகை ஆயிரத்தில் நின்றிருக்காது. ஆனாலும் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் மாதத்தின் எத்தனையாவது நாள்வரை வரும் என்பது ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

*

மறுநாள் காலை அக்காவிடம் காபி டம்ளரோடு உட்கார்ந்தேன். என்ன ஏறியிருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் நோக்கம். அரசு அதிகாரி சந்தையில் விலை கேட்பது மாதிரி.

அவர் தக்காளியில் ஆரம்பிக்கவில்லை. வட்டியில் ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் பெயிண்டர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அவருக்கு வேலை இருக்காது. 2023 ஆகஸ்டில் காய்கறி விலை, பையனின் பள்ளிச் செலவு எல்லாம் ஒன்றாக நெருக்கியபோது தெரிந்த ஒருவரிடம் 5,000 வாங்கியிருக்கிறார்கள். அஞ்சு வட்டி. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், அதாவது மாதம் 250. அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம். ஆறு ஊருக்குள் வந்தது, ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் வேலை இல்லை. அசலில் கைவைக்க முடியவில்லை.

நான் கணக்குப் போட்டேன். 2023 ஆகஸ்டிலிருந்து 15 மாதம், மாதம் 250 என்றால் 3,750.

"தக்காளி வெலதான் அந்த வருசமே எறங்கிருச்சேக்கா" என்றேன், என் கிராஃபின் நம்பிக்கையில்.

"வெல எறங்கிருச்சு தம்பி. வட்டி எறங்கலையே. அசல் அப்படியே நிக்கி."

நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இது இவ்வளவு தெளிவாக இல்லை. ஏறின விலை இறங்கிவிடும், ஆகவே அது தற்காலிகம், ஆகவே கழித்துவிடலாம் என்பது கோர் கணக்கின் தர்க்கம். விலைக்கு அது உண்மை. மனிதருக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் அவரிடம் சேமிப்பு இருக்க வேண்டும். என் பேங்க் கணக்கில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. தக்காளி 200 ஆனாலும் 20 ஆனாலும் நான் வாழ்வது சராசரியில். அக்காவுக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. உச்சம் வரும்போது கடன் வாங்குகிறார், உச்சம் போன பிறகும் அது வட்டியாக அவர் வீட்டிலேயே இருக்கிறது. ஏறியதும் இறங்கியதும் கழிந்து பூஜ்யம் ஆகவில்லை. இறக்கம் அவருக்குச் சேமிப்பைத் தரவில்லை, ஏற்றம் கடனைத் தந்தது.

நெல்லையில் இருந்துகொண்டு வட்டியைப் பற்றி லேசாகப் பேச முடியாது. 2017 அக்டோபரில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டி நெருக்கடியில் ஒரு கூலித்தொழிலாளி தன் மனைவி, இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்தார். நாலு பேரும் இறந்தார்கள். அந்தப் படத்தை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. சிறு கடன் இங்கே சிறு விஷயம் கிடையாது.

தாமிரபரணியை வைத்து யோசித்தால் இது சுலபமாகப் புரிகிறது. பொதிகையில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையைச் சராசரி எடுத்து ஒரு எண் சொல்லிவிடலாம். அந்த எண்ணால் ஒரு நாற்றுகூட நடமுடியாது. ஜூனில் கார் சாகுபடிக்கு மடை திறக்க வேண்டும், ஐப்பசியில் பிசானத்துக்கு நாற்று பாவ வேண்டும். மழையின் சராசரியை வயலின் தண்ணீராக மாற்றுவது பாபநாசம் அணை, மணிமுத்தாறு அணை, கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் உள்ள எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், அதற்குப் பிறகு குளங்கள். அத்தனையும் இருந்தும் கடைமடைக்காரர் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார். அணை இல்லாதவரிடம் போய் 'வருடச் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதற்குப் பெயர் என்ன? நான் அக்காவிடம் சொல்லவிருந்தது அதுதான்.

*

கூடையின் எடை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த 45.86 யாருடைய செலவு? நாட்டின் மொத்தச் செலவையும் கூட்டி, அதில் உணவின் பங்கைப் பார்த்தது. அதிகம் செலவழிப்பவர் அந்தக் கூட்டலில் அதிகம் இருப்பார். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று இல்லாமல் ரூபாய்க்கு ஒரு ஓட்டு என்று நடக்கும் தேர்தல் இது. ஏழைக் குடும்பத்தின் செலவில் உணவின் பங்கு அதிகம் என்று எர்ன்ஸ்ட் எங்கல் 1857லேயே காட்டிவிட்டார். 2023-24 வீட்டுச் செலவு ஆய்வில் உணவின் பங்கு கிராமத்தில் 47, நகரத்தில் 40 சதவீதம் அளவுக்கு வந்தது. பழைய ஆய்வில் 53, 43 என்று இருந்தது. நாடு முன்னேறுகிறது, உணவின் எடை குறைகிறது, அதையொட்டிப் புதிய கூடையும் மாறுகிறது. நல்ல செய்திதான். ஆனால் அக்காவின் கூடையில் பாதிக்கும் மேல் உணவு என்பது அவர் சொன்ன செலவை எழுதியபோது தெரிந்தது. தேசியக் கூடை அவரைவிட்டு விலகி என் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

வேறு கூடைகளும் உண்டு. விவசாயத் தொழிலாளர்களுக்கென்று தனிக் குறியீட்டெண் இருக்கிறது. 1986-87 அடிப்படையிலான அந்தப் பழைய தொடரில் உணவின் எடை ஏறத்தாழ 70. நூறுநாள் வேலைச் சம்பளத்தை வருடாவருடம் உயர்த்தியதும் அதை வைத்துத்தான். ஒரே நாட்டில் வாழும் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு பணவீக்கம் என்பது அரசுக்கே தெரியும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு அது ரொம்ப நாளாகவே தெரியும். அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, ஏறத்தாழ 1,200 வருடம் பழையது. கோவிலில் நித்தமும் அமுதுபடி நடக்க அரசன் 290 காசு கொடுக்கிறான். இளங்கோக்குடிச் சபையார் அதற்கு வட்டியாகக் காசு தர வேண்டியதில்லை, காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் தர வேண்டும். ஆக 580 கலம். அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், காய்கறி என்று அதில் எதற்கு எவ்வளவு என்றும் கல்லில் வெட்டியிருக்கிறது. முதலைக் காசாகக் கொடுத்தவன் வருமானத்தை நெல்லில் கட்டி வைத்தான். காசின் மதிப்பு நாளை என்ன ஆகுமோ, சாமிக்குப் படைக்கும் சோற்றின் அளவு குறையக்கூடாது. அவனுடைய கோர் எண் நெல்.

என் ஆச்சி காலத்தில் எங்கள் பக்கம் அறுப்புக் கூலி நெல்லாகத்தான் கொடுத்தார்கள். களத்தில் மரக்காலால் அளந்து போடுவார்கள். அரிசி என்ன விலை விற்றாலும் கூலிக்காரரின் கூலி அதோடு சேர்ந்தே ஏறும். இதைச் சொல்லும்போது ஏக்கப்பட எனக்கு உரிமை இல்லை. அந்த நெல்லை வாங்கத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டியிருந்தது, அளக்கிற கை யாருடையது என்பதும் முக்கியமாக இருந்தது. காசுக்கூலி அந்தக் குனிவிலிருந்து விடுதலை. ஆனால் அந்த விடுதலையில் ஒரு பாதுகாப்பும் போயிற்று. விலை ஏறும்போது கூலியை ஏற்று என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டால், என்னைப் போல ஒருவன் லேப்டாப்பைத் திறக்கிறான்.

*

என் தவறு என்ன என்பதை இப்போது சொல்ல முடியும்.

அந்த நவம்பரில் என் திரையில் நாலு எண்கள் இருந்தன. மொத்தப் பணவீக்கம் 6.21. உணவுப் பணவீக்கம் 10.87. காய்கறி மட்டும் 42.18. கோர், நாலுக்குக் கீழே. நாலும் உண்மை. நான் எனக்குக் குறைந்த செலவு வைக்கும் உண்மையைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தது நான் என்பதையே மறந்துவிட்டு 'டேட்டா சொல்கிறது' என்றேன். அதே மாதம் என் ஆபீஸில் சம்பள உயர்வு போதாது என்று பேசியபோது பெங்களூரு வாடகையைத்தான் உதாரணம் காட்டினேன். எனக்கு என் கூடை, அக்காவுக்கு ரிசர்வ் வங்கியின் கூடை.

பொய் சொல்லாமலே அநியாயம் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு கேள்விக்கான சரியான விடையை வேறொரு கேள்விக்குக் கொடுப்பது. 'வட்டியை ஏற்றலாமா' என்ற கேள்விக்கு உணவைக் கழித்துப் பார்ப்பது பொறுப்பான செயல். 'இந்த மனுஷி எப்படிப் பிழைக்கிறாள்' என்ற கேள்விக்கு உணவைக் கழிப்பது, அவளையே கழிப்பது. எண் ஒன்றுதான். யார், எதற்காக, யாருக்கு முன்னால் அதை எடுத்து வைக்கிறார் என்பதில்தான் அறம் இருக்கிறது. ஒரு அளவையைப் பயன்படுத்தும்போது, அதிலிருந்து கழிக்கப்பட்டது யாருடைய செலவு என்றும் அந்த ஆளுக்கு வேறு யாராவது பொறுப்பெடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டாக வேண்டும். அக்காவின் விஷயத்தில் அந்த 'வேறு யாராவது' நான்தான். நானே இரண்டாவது கையாக இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு முதல் கையின் தர்க்கத்தைப் பேசினேன்.

ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பரில் மறுபடி ஊருக்கு வந்திருந்தேன். அக்டோபர் மாத எண் வந்தது. மொத்தப் பணவீக்கம் 0.25 சதவீதம், அந்தத் தொடரிலேயே மிகக் குறைவு. காய்கறி விலை முந்தைய வருடத்தைவிட 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. கோர் மட்டும் நாலுக்கு மேல் நின்றது, பெருமளவு தங்கத்தால். தங்கம் ஒரே வருடத்தில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. போன வருடம் குறைவாக இருந்த எண் இந்த வருடம் கூட, கூட இருந்தது குறைவு. போன வருடத்து நான் இந்த வருடம் வந்திருந்தால் கூச்சமே இல்லாமல் கட்சி மாறியிருப்பேன்.

அக்காவிடம் காய்கறி விலையெல்லாம் இறங்கியிருக்கிறதே என்றேன், பேச்சுக்குத்தான்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஆமா தம்பி. அதுக்காவச் சம்பளத்தக் கொறச்சிருவியளோ?"

கேலிதான். ஆனால் கண்ணில் ஒரு நொடி நிஜமாகவே சந்தேகம் இருந்தது. போன வருடம் சாப்பாட்டு மேசையில் நான் பேசியது சமையல்கட்டு வரைக்கும் வந்திருக்க வேண்டும். அம்மா சொல்லியிருப்பாள்.

"இல்லக்கா" என்றேன். "அந்த அஞ்சு வட்டி என்னாச்சு?"

"பாதி அசல் அடச்சாச்சு" என்றார். "மூத்தவளுக்கு மாப்பிள்ள பாக்கோம். பவுன் வெலயக் கேட்டியளா?"